ஆஸ்பத்திரி வாசலுக்கு அப்பால்

ஐக்கிய நாடுகள் சபையார் மே மாதம் 23-ஆந் தேதியைப் பிரசவப் புரையை ஒழிப்பதற்குரிய தினமாக 2013-ஆம் வருஷம் முதல் அனுஷ்டித்து வருகிறார்கள். இப்படி ஒரு தினம் இருப்பதை நமது வாசகர்களில் பெரும்பாலோர் அறிந்திரார். அது அவர்கள் குற்றமன்று. வேறு தினங்களுக்குத் தோரணமும் ஊர்வலமும் உண்டு. இத்தினத்துக்குப் பத்திரிகையில் நான்கு வரி இடங்கிடைப்பதும் அரிது. நோயாளிக்கு வெட்கம், அவளைப் பெற்றவர்களுக்கு வெட்கம், எழுதும் பத்திரிகாசிரியனுக்கும் வெட்கம். ஆண்பிள்ளைகள் காலையில் காப்பியை வைத்துக்கொண்டு படிக்கும் பத்தியில் இதையெல்லாம் எழுதலாமா என்று நாமும் சற்றுத் தயங்கினோம் என்பதை மறைப்பானேன்? ஆனால் இவ்வியாதியைப் பாதி வளர்ப்பது இந்தத் தயக்கந்தான். ஆதலின் விஷயத்தை உள்ளபடியே சொல்லிவிடுகிறோம்.

பிரசவ வேதனை இரண்டு நாள், மூன்று நாள் என்று நீளுகிறது. சிசுவின் தலை இடுப்பெலும்பில் சிக்கி வெளிவராமல் நிற்கிறது. அருகில் பயிற்சி பெற்ற மருத்துவச்சி இல்லை. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரி இரண்டு மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. தலைக்கும் எலும்புக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால் அச்சதை அழுகி உதிர்கிறது. மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே, சிலருக்கு மலக்குடலுக்கும் அதற்கும் இடையே, துவாரம் விழுகிறது. அன்று முதல் இரவும் பகலும், நின்றாலும் கிடந்தாலும், சிறுநீர் தானே வழிந்துகொண்டிருக்கும். குழந்தையோ பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கி, நடக்க முடியாமற் போகிறவர்களும் உண்டு. இதற்கு மேனாட்டு வைத்தியர்கள் பிஸ்டுலா என்று பெயரிட்டிருக்கிறார்கள். நாம் பிரசவப் புரை என்போம். உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் மதிப்புப்படி, வருஷந்தோறும் 50,000 முதல் 1,00,000 ஸ்திரீகள் வரை இதற்கு இலக்காகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களும் ஆசியர்களுமே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நோய் ஏறக்குறைய மறைந்துபோயிற்று. அந்நாட்டு ஸ்திரீகளின் இடுப்பெலும்பு வேறு விதமானதன்று. அவர்களுடைய சாலையும் ஆஸ்பத்திரியும் வேறு.

இந்நோய் தீராத நோயன்று. துவாரத்தைத் தைத்து மூடலாம். அதை உலகுக்கு விளங்கக் காட்டிய இடம் எத்தியோப்பியா. 1935-ஆம் வருஷத்தில் முஸோலினி படையெடுத்தபோது அபிஸீனியா என்ற பெயரால் நம் நாட்டார் வீதிதோறும் பேசிய அதே தேசந்தான். அத்தேசத்தின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பள்ளியொன்றை அமைப்பதற்காக, மூன்று வருஷ ஒப்பந்தத்தின் பேரில் 1959-இல் இரு வைத்தியர்கள் வந்தார்கள். ரெஜினால்ட் ஹாம்லின் நியூஜீலாந்துக்காரர். அவருடைய மனைவி காதரின் ஆஸ்திரேலியர். மூன்று வருஷம் முடிந்தது, அவர்கள் திரும்பவில்லை. 1974-இல் பிரசவப் புரைக்கென்றே தனி ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார்கள். கணவர் 1993-இல் காலமானார். காதரின் அம்மையார் 2020-இல், தம் 96-ஆம் வயதில், அந்நகரிலேயே கண்மூடினார். பாஹிர் தார், மெக்கெலே, யிர்காலெம், ஹரார், மெத்து ஆகிய ஐந்து ஊர்களில் கிளை ஆஸ்பத்திரிகளும், 2007-இல் மருத்துவச்சிகளுக்கு ஒரு கல்லூரியும் இவர்கள் முயற்சியால் எழுந்தன. இதுவரை 60,000-க்கு மேற்பட்ட ஸ்திரீகள் இங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

இவ்வாஸ்பத்திரியில் ஒரு வழக்கமுண்டு. குணமாகிப் புறப்படும் ஸ்திரீக்குப் புதிய ஆடையொன்றும் ஊருக்குப் போகும் பஸ் செலவும் கொடுத்து அனுப்புவார்கள். நனைந்து நாறிய கந்தையோடு வந்தவள் புத்தாடை உடுத்துச் செல்லும் காட்சி, பார்த்தோர் கண்ணில் நீரை வரவழைக்கும் என்கிறார்கள். நாம் அதை நம்புகிறோம். அந்த வழக்கத்தில் உள்ள நல்ல மனத்தை வணங்கவும் செய்கிறோம். ஆனால் நம் கேள்வி அந்தப் பஸ்ஸைப் பற்றியது. அது எங்கே போய் நிற்கிறது? இறங்குகிறவளை எதிர்கொள்ள யார் நிற்கிறார்கள்?

நம் வீடுகளில், பிரசவம் ஸ்திரீக்கு மறுபிறப்பு என்று சொல்வார்கள். செத்துப் பிழைத்தாள் என்றும் சொல்வார்கள். இவ்விரண்டு வசனங்களும் அறையைவிட்டு வெளியே வரும் வரைக்குந்தான் போதும். பிழைத்தவள் அப்பால் எந்த வீட்டுக்குப் போவாள் என்று அவை சொல்வதில்லை. அபிஸீனிய மலை நாட்டில் இந்நோய் கண்டவள் நேர்ந்த அவதியைச் சற்றுப் பாருங்கள். கணவன் சில மாதம் பொறுத்திருந்து பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறான். (பொறுத்துக் கடைசி வரை உடனிருந்த கணவன்மாரும் உண்டு, நியாயமாக அதையும் சொல்லவேண்டும்.) பெற்றோர் அன்புடையவர்களே, ஆயினும் நாற்றத்தின் பொருட்டு வீட்டுக்குப் பின்புறம் தனிக் குடிசையொன்றைக் கட்டிவிடுகிறார்கள். மாதாகோவிலுக்குப் போகக் கூசுகிறாள். பக்கத்து வீட்டார் கூடிக் காப்பி வறுத்துக் குடிக்கும் மாலை வேளையில் அவளுக்கு அழைப்பு வருவதில்லை. சிறுநீர் குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டு, சுருண்டு கிடந்து, முழங்கால் மடங்கியபடியே விறைத்துப்போய், தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்களை அவ்வாஸ்பத்திரியார் கண்டிருக்கிறார்கள். இவ்விதம் ஐந்து வருஷமும் பத்து வருஷமும் கழித்தவள்தான் புத்தாடை உடுத்து அந்தப் பஸ்ஸில் ஏறுகிறாள்.

துவாரம் மூடிற்று. குடிசை அப்படியே இருக்கிறது.

அந்நாட்டாருக்கு இரண்டு உத்தமமான ஏற்பாடுகள் உண்டு. ஒன்று "எக்குப்", நம்மூர்ச் சீட்டே அது. பத்துப் பேர் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது. மற்றொன்று "இதிர்". அக்கம்பக்கத்தார் சேர்ந்து சந்தா கட்டி வருவார்கள். ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் கூடாரம், பாத்திரம், சாப்பாடு, சவ அடக்கச் செலவு எல்லாம் அச்சங்கத்தின் பொறுப்பு. இதிரில் பெயர் உள்ளவன் ஊரான். பெயரில்லாதவனுக்கு ஊரில் உரிமையோடு அழுவாரில்லை. மருத்துவப் புத்தகங்கள் "சமூகத்தில் மீண்டும் சேர்த்தல்" என்று பெருஞ்சொல்லால் எழுதுவதன் அர்த்தம் யாது என்று நம்மைக் கேட்டால், சுருக்கமாகச் சொல்வோம்: எக்குப்பில் அவளை நம்பி ஒரு பங்கு கொடுக்கிறார்களா? இதிர்க் கணக்கில் அவள் பெயர் ஏறியிருக்கிறதா? அண்டை வீட்டில் சாவு விழுந்தால் அவள் கைச் சமையலை மற்றவர்கள் உண்கிறார்களா? இம்மூன்றும் நடக்கும் வரை அவள் ஊரில் இருக்கலாம், ஊராளாகவில்லை. இதை ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் தைத்துக் கொடுத்துவிட முடியாது.

இவ்விஷயத்தில் தண்ணீர்க் குடமே பெரிய வைத்திய விஷயம் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ரண சிகிச்சைக்குப் பின் சில மாத காலம் பாரம் தூக்கலாகாது, தாம்பத்தியத்தையும் விலக்கவேண்டும். மலைநாட்டுக் கிராமத்தில் தண்ணீர் எடுப்பதும் விறகு சுமப்பதும் ஸ்திரீகளின் வேலை. திரும்பி வந்தவளுக்கு ஓய்வு வேண்டுமென்று வைத்தியர் சொன்னார். சரி, அவள் குடத்தை யார் சுமப்பது? மாமியா, நாத்தனாரா, கணவனா? இத்தனை வருஷம் உபயோகமற்றுக் கிடந்தவள் என்ற பேச்சுக்கு அஞ்சி, வந்த வாரத்திலேயே அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் யார் தடுப்பார்? கணவன் திரும்ப அழைத்துக்கொண்டதைச் சிலர் வெற்றியென்று கணக்கெழுதுகிறார்கள். விலகியிருக்கவேண்டிய மாதங்களை அவன் மதித்தானா என்பதையும் சேர்த்தெழுதினாலன்றோ கணக்கு முழுமையாகும்? அவள் மறுபடி கருவுற்றால் பிரசவம் ஆஸ்பத்திரியிலேயே, பெரும்பாலும் வயிற்றைக் கீறியே, நடக்கவேண்டும். இல்லையேல் தைத்த இடம் மீண்டும் கிழியும். இவையெல்லாம் அவள் ஒருத்தியின் காதில் ஓதி அனுப்பினால் தீருகிற காரியங்களல்ல. கணவனும் மாமியாரும் கேட்கவேண்டியவை. எத்தியோப்பிய சர்க்கார் 2003 முதல் கிராமங்களில் நியமித்து வந்த சுகாதார ஊழியர்கள் 30,000-க்கு மேற்பட்டவர்கள்; பெரும்பாலோர் ஸ்திரீகள்; அவ்வவ்வூர்களில் பழகியவர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படுகிறவளின் பெயர் அவளுக்கு முன்பே அந்த ஊழியரிடம் போய்ச் சேரவேண்டும்.

துவாரம் மூடிய பின்னும் சிறுநீரை அடக்கும் சக்தி வராதவர்கள் இருக்கிறார்கள். தைக்கவே இயலாதபடி சதை அழிந்தவர்களுக்குச் சிறுநீருக்கு வேறு வழி செய்து, ஆயுள் முழுவதும் பை தரிக்கச் செய்யவேண்டியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்காக ஹாம்லின் அம்மையார் நகருக்கு வெளியே தெஸ்தா மெந்தர் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். ஆனந்த கிராமம் என்பது அதன் பொருள். தோட்டமும் பால் பண்ணையும் வைத்து அவர்கள் தங்கள் கையால் உழைத்து வாழ்ந்தார்கள். நாளடைவில் அது நிரந்தர வாசஸ்தலம் என்ற நிலையிலிருந்து, தொழில் கற்பித்து ஊருக்குத் திருப்பியனுப்பும் இடமாகவும் மாறிற்று. அந்த மாற்றம் சரியானதே என்பது நம் அபிப்பிராயம். தனிக் குடிசை எவ்வளவு அழகாக இருந்தாலும் தனிக் குடிசைதான்; அதைக் கட்டியவர்களே அதை உணர்ந்து திருத்தினார்கள். ஆயினும் ஊருக்குப் போகமாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அதையும் கேட்கவேண்டும். துரத்திய ஊருக்குத் திரும்பித்தான் ஆகவேண்டுமென்று சட்டமா? திரும்புவது அவள் உரிமை, கடமையன்று.

இதைத் தர்மகாரியம் என்று சொல்வதில் நமக்குச் சம்மதமில்லை. நாம் வக்கீல் தொழில் பழகினவர்கள். ஆதலின் வழக்கு மன்றத்து நியாயத்தையே எடுத்துக்காட்டுகிறோம். சாலையில் மோட்டார் மோதிக் காலிழந்தவன் நஷ்டஈடு கேட்டால், நம் தேசத்துக் கோர்ட்டுகள் ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. இழந்த சம்பாத்தியம், பட்ட வேதனை, வாழ்க்கையில் இனி அனுபவிக்க முடியாத சுகங்கள், விவாகம் நடப்பதற்குள்ள தடை ஆகிய எல்லாவற்றுக்கும் தனித்தனியே தொகை போடுகின்றன. மோதியவன் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். இங்கே மோதியவன் யார்? பதினைந்து வயதுப் பெண்ணை மணம் முடித்துக் கொடுத்த ஊர், மருத்துவச்சியை நியமிக்காத சர்க்கார், போடப்படாத சாலை, "இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்று சொன்ன வீட்டுப் பெரியவர்கள். எத்தியோப்பியக் குடும்பச் சட்டம் 2000-ஆம் வருஷத்தில் பெண்ணின் விவாக வயதைப் 15-லிருந்து 18-ஆக உயர்த்தியது. நல்ல சட்டம். ஆனால் அதற்கு முன்பே மணமாகி, அதற்கு முன்பே கிழிந்து, குடிசையில் கிடப்பவளுக்கு அச்சட்டத்தில் ஒரு வரியுமில்லை. அவளுக்கு உள்ளது ஊரார் தீர்க்கவேண்டிய கடன். ஒரு புடவையும் பஸ் செலவும் அக்கடனுக்கு முதல் தவணையாகலாமேயன்றி, கடன் தீர்ந்த பற்றுச்சீட்டாகா.

இந்த நியாயத்தை நமக்கு அண்டையிலுள்ள நேபாளத்தில் ஒரு நீதி ஸ்தலம் ஓரளவு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே புரையைவிடக் கர்ப்பப்பை இறக்கமே ஸ்திரீகளை அதிகமாக வாட்டுகிறது. பிரசவமான சில நாட்களில் மலைமேல் சுமை தூக்கவைப்பது அதன் காரணங்களில் ஒன்று. 2008-ஆம் வருஷத்தில் நேபாள சுப்ரீம் கோர்ட்டு, இந்நிலை ஸ்திரீகளின் மகப்பேற்றுச் சுகாதார உரிமைக்குப் பங்கம் என்று தீர்ப்பளித்து, சர்க்காருக்கு உத்தரவுகள் இட்டது. சர்க்கார் இலவச ரண சிகிச்சை முகாம்களை நடத்திற்று. எத்தனை கர்ப்பப்பைகள் எடுக்கப்பட்டன என்று எண்ணுவது எளிது. ஆகவே அதை எண்ணினார்கள். சிகிச்சை முடிந்து மலையேறியவள் எத்தனையாம் நாள் மறுபடி சுமை தூக்கினாள் என்பதை எண்ணுவது கடினம்.

எண்ணப்படாமற் போவது இவ்வியாதியில் புதிதன்று. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து மான்ட்காமரி என்ற ஊரில், 1845 முதல் 1849 வரை, மரியன் ஸிம்ஸ் என்ற வைத்தியர் இப்புரையைத் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். யார்மீது பழகிக் கண்டுபிடித்தார்? அனார்க்கா, பெட்ஸி, லூஸி முதலிய நீக்ரோ அடிமைப் பெண்கள்மீது. மயக்க மருந்தில்லை. அனார்க்காவின் உடலை மட்டும் ஏறக்குறைய முப்பது தடவை அறுத்துத் தைத்தார். வைத்தியருக்குப் புகழ் வந்தது. நியூயார்க்கில் சிலையும் வந்தது. அந்தப் பெண்களோ குணமான பின்னும் அடிமைகளாகவே இருந்தனர். அவர்கள் எந்த வாழ்வுக்குத் திரும்புகிறார்கள் என்று கேட்க அன்று யாருக்கும் தோன்றவில்லை. 2018-இல் அச்சிலையை எடுத்துவிட்டார்கள். 2021-இல் மான்ட்காமரியில் அம்மூவருக்கும் ஞாபகச் சின்னம் எழுந்தது. நூற்றெழுபது வருஷம் கழித்து ஒரு கேள்வி!

நம்மைப் போன்ற அரசியல் ஊழியர்களில் ஒருவர் இப்படி ஆட்சேபிக்கலாம்: "சிகிச்சைக்கே காத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, குணமானவளின் பின்னால் பணத்தைச் செலவிடுவது நியாயமா? அந்தப் பணத்தில் இன்னொருத்தியைத் தைக்கலாமே!" இது லேசான ஆட்சேபமன்று. நாமும் அதை எடைபோட்டே எழுதுகிறோம். முதலாவது, கவனிப்பாரற்றுப் போனவள் மறுபிரசவத்தில் கிழிந்து திரும்பினால் அவளே மீண்டும் அந்த வரிசையில் நிற்பாள். இரண்டாவது, ஒளிந்து கிடக்கும் நோயாளியைக் கண்டுபிடித்து அழைத்துவர வைத்தியரால் ஆகாது. இது தீரும் வியாதி என்று அவள் நம்பவேண்டுமானால், தீர்ந்த ஒருத்தியைக் கண்ணால் காணவேண்டும். உகாண்டா தேசத்தில் ஸொரோட்டி என்ற ஊரில் டெர்ரிவோட் என்ற சங்கத்தார் இதை அறிந்து வேலை செய்கிறார்கள். அதை நிறுவிய ஆலிஸ் எமாஸு அம்மையார் முன்பு பத்திரிகையில் எழுதி வந்தவர். நம் தொழிலுக்கு அவரால் கொஞ்சம் கௌரவம். குணமானவர்களைக் குழுக்களாகச் சேர்த்துத் தொழிலுக்கு வழிசெய்து, அவர்களைக் கொண்டே கிராமங்களில் பாட்டும் நாடகமும் நடத்துகிறார்கள். 2019-இல் தங்களுக்கென ஓர் ஆஸ்பத்திரியையும் அங்கே திறந்தார்கள். முதலில் ஊரைத் திருத்தும் வேலை, பின்பு ஆஸ்பத்திரி. இவ்வரிசை நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குணமானவர்களைப் பற்றிப் பேசும்போது மாமித்து காஷேயைச் சொல்லாதாரில்லை. 1962-இல், பதினாறு வயது இருக்கும்போது, இந்நோயோடு ஹாம்லின் தம்பதிகளிடம் வந்தவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் படுக்கை விரித்தார். ரண சிகிச்சையின்போது கருவி எடுத்துக் கொடுத்தார். பின்பு தாமே கருவி பிடித்தார். 1989-இல் லண்டன் ரண வைத்தியர் ராயல் கல்லூரியார் ஹாம்லின் தம்பதிகளோடு அவருக்கும் தங்கப் பதக்கம் அளித்தார்கள். அற்புதமான சரித்திரந்தான். ஆனால் இவ்வற்புதத்தை அளவுகோலாக வைத்து மற்றவர்களை அளப்பவர்களைக் கண்டால் நமக்குக் கொஞ்சம் சங்கடமாயிருக்கிறது. திரும்பிவருகிறவள் தன்னை மன்னிக்கும்படி ஊருக்கு ஏதோ சாதித்துக் காட்டவேண்டியதில்லை. இரண்டு ஆடு வளர்த்துக்கொண்டு, சந்தையில் வெங்காயம் விற்றுக்கொண்டு, அண்டை வீட்டாரோடு சண்டையும் போட்டுக்கொண்டு, பத்தோடு பதினொன்றாக அவள் இருக்கலாம். அவள் இழந்தது அந்தச் சாதாரண வாழ்க்கையே.

சுதந்திரப் போராட்ட காலத்தில் சிறையிலிருந்து மீண்டவர்களை ஊரார் ரயிலடிக்கு வந்து மாலையிட்டு அழைத்துச் சென்றார்கள். சிறை என்ற சொல்லின் அவமானத்தைத் துடைத்தது அந்த மாலைதான், சட்டம் அன்று. பஸ் நிற்கும் இடத்துக்கு இதிர் சங்கத்தின் மூப்பரும் மாதாகோவில் குருவும் கணவனின் தகப்பனும் வந்து நிற்கக்கூடாதா? இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. புறப்படும் தேதியை முன்னதாக அறிவிக்க ஓர் ஆள் தேவை.

பணம் தருகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். இவ்விஷயத்தில் ஈடுபட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் சங்கங்களுக்கும் உதவி செய்வோர், இத்தனை பேருக்கு ரண சிகிச்சை என்று ஆண்டறிக்கையில் ஒரு எண்ணைப் பார்த்துத் திருப்தியடைகிறார்கள். அதற்குப் பக்கத்தில் இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொருத்தியையும் அவள் வீட்டில் கண்டு எழுதிய எண்: உலர்ந்திருக்கிறாளா? குடத்தை யார் சுமக்கிறார்கள்? கையில் ஒரு காசு வருகிறதா? அடுத்த பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி என்று வீட்டார் அறிவார்களா? இதிரில் பெயர் இருக்கிறதா? முதல் எண்ணைவிட இரண்டாவது எண் சிறியதாகவே இருக்கும். அதற்காக யாரும் வெட்கப்படவேண்டாம். இரண்டையும் மறைக்காமல் அச்சிடட்டும். அப்படிப்பட்ட அறிக்கை எந்தத் தேசத்திலிருந்து நம் கைக்கு வந்தாலும், இதே பத்தியில் முழுமையும் பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.